வலை வீசியவர்களும் உடன் நின்றவர்களும்: வாஷிங்டன் மாநிலத்து ஆற்றங்கரைகளில்

சனிக்கிழமை, சியாட்டில்

ஹாலிவுட் நடிகர் மார்லன் பிராண்டோ பழங்குடிகளோடு சேர்ந்து மீன் பிடித்ததற்காக 1964 மார்ச் 2 அன்று கைதான பியூவாலப் ஆறு, கென்ட் நகரில் இருக்கும் அக்கா வீட்டிலிருந்து காரில் அரை மணி நேரம்தான். பல வருடங்களாக இங்கே வந்து போகிறேன். ஆனால் இதை எனக்குச் சொன்னவள் பள்ளியில் படிக்கும் அக்கா மகள். இந்த மாநிலப் பள்ளிகளில் அந்தந்தப் பகுதிப் பழங்குடிகளின் வரலாற்றைக் கட்டாயம் கற்றுத்தர வேண்டும் என்று 2015-ல் சட்டமே போட்டிருக்கிறார்கள். “சித்தி, அதுல பிராண்டோ ஒரு பாராதான். மிச்சமெல்லாம் பில்லி ஃபிராங்க்” என்றாள். தன் மக்களின் மீன்பிடி உரிமைக்காகப் போராடிய நிஸ்குவாலிப் பழங்குடி மீனவர் அவர். அந்த மிச்சத்தைப் பார்க்கத்தான் இந்தப் பயணம். அன்றன்று பார்த்ததை அன்றிரவே எழுதிப் போட்டுவிடுகிறேன்.

இன்று போனது டிஸ்கவரி பூங்கா. கடலைப் பார்த்த மேட்டில் மரமும் புல்வெளியுமாக விரிந்து கிடக்கிறது. அரை நூற்றாண்டுக்கு முன்பு இது ஃபோர்ட் லாட்டன் என்ற ராணுவ முகாம். ராணுவம் இதில் பெரும்பகுதி இனித் தேவையில்லை என்று சொன்னதும், பூங்கா அமைக்க நகராட்சி கேட்டது. சொந்த ஊரை விட்டுச் சியாட்டிலில் குடியேறியிருந்த பல இனத்துப் பழங்குடிகள் தங்களுக்கும் ஒரு பங்கு கேட்டார்கள். யாரும் காது கொடுக்கவில்லை. 1970 மார்ச் 8 அன்று வேலியேறி உள்ளே இறங்கிக் கூடாரம் அடித்துவிட்டார்கள். நாலு மாதம் முன்புதான் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு அருகே அல்கட்ராஸ் தீவைப் பழங்குடி மாணவர்கள் கைப்பற்றியிருந்தார்கள். அந்தச் சூடு இங்கேயும் பரவியிருந்தது.

கோட்டையைப் பழங்குடிகள் சூழ்வதும், உள்ளே இருக்கும் சிப்பாய்கள் பதறுவதும் ஹாலிவுட் நம் தலைமுறைக்கு ஊட்டி வளர்த்த காட்சி. சின்ன வயதில் கொட்டகையில் உட்கார்ந்து நானும் சிப்பாய்களுக்காகத்தான் கை தட்டியிருக்கிறேன். இங்கே நிஜத்தில் நடந்தபோது வந்தவர்கள் கையில் ஆயுதமே இல்லை. ராணுவப் போலீஸ் பிடித்து வெளியே தள்ளியது. அவர்கள் திரும்ப ஏறிக் குதித்தார்கள். பிறகு வாயிலுக்கு வெளியே மாதக்கணக்கில் தங்கிப் போராடினார்கள். நடிகை ஜேன் ஃபோண்டா வந்து உடன் நின்றதால் வெளிநாட்டுப் பத்திரிகைகள்வரை செய்தி போனது.

முன்னால் நின்று நடத்தியவர் பெர்னி ஒயிட்பேர். வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் உள்ள கோல்வில் பழங்குடிக் கூட்டமைப்பைச் சேர்ந்தவர், முன்னாள் பாராசூட் படைவீரர். மறு வருடம் 20 ஏக்கரை 99 ஆண்டுக் குத்தகைக்கு வாங்கினார்கள். அதில் எழுந்த டேபிரேக் ஸ்டார் பண்பாட்டு மையம் 1977-ல் திறக்கப்பட்டது. அவருடைய அண்ணன், கலைஞர் லானி ரேயஸ், இதை வடிவமைத்தவர்களில் ஒருவர். உள்ளே பெரிய பெரிய மரத்தூண்கள். ஒரு தூணில் கை வைத்துப் பார்த்தேன், இரண்டு கையாலும் அணைக்க முடியாத சுற்றளவு. கட்டடத்துக்குள் நின்றால் ஜன்னல் வழியே பியூஜெட் சவுண்ட் கடல் தெரிகிறது.

பெர்னி இளைஞராக இருந்தபோது டகோமாவில் பாப் சாட்டியாக்கம் என்ற பியூவாலப் இனத் தலைவரோடு சேர்ந்து மீன் பிடித்தவர். பிராண்டோ ஏறிய படகும் அதே சாட்டியாக்கத்தின் படகுதான். நாளைக்கு அங்கே போகிறோம்.

ஞாயிற்றுக்கிழமை, டகோமா

பியூவாலப் ஆறு ரெய்னியர் மலையின் பனிப்பாறைகளிலிருந்து வருகிறது. பாறையை அரைத்த மாவைச் சுமந்து வருவதால் தண்ணீர் சுண்ணாம்பு கரைத்த மாதிரி இருக்கிறது. இரண்டு பக்கமும் கரை கட்டி ஆற்றை நேர்கோடாக்கி, துறைமுகத்துக்கும் ரயில் பாலங்களுக்கும் நடுவில் விட்டிருக்கிறார்கள். படம் எடுக்கிற அழகு இல்லை. ஆனாலும் சால்மன் இந்த வழியாகத்தான் ஏறுகிறது.

பின்னணியைச் சொல்லிவிடுகிறேன். 1854-ல் நிஸ்குவாலி, பியூவாலப் முதலான மக்கள் அமெரிக்க அரசுடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். நிலத்தைக் கொடுத்தார்கள். வழக்கமாக மீன் பிடிக்கும் இடங்களில் எப்போதும்போல் பிடிக்கும் உரிமையை மட்டும் தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள். அடுத்த நூறு வருடத்தில் அணைகள் வந்தன, காடுகள் வெட்டப்பட்டன, கடலிலேயே பெரிய கப்பல்கள் வாரி எடுத்தன. மீன் குறைந்தது. மாநில அரசு பழியைத் தூக்கி ஆற்றில் வலை போடும் பழங்குடிகள் தலையில் வைத்தது. அவர்கள் பிடித்ததோ மொத்தத்தில் நூற்றுக்கு ஐந்து அளவுதான். வலையை அறுத்தார்கள், படகைப் பறித்தார்கள், ஆளை உள்ளே போட்டார்கள்.

தெற்கே கறுப்பின மாணவர்கள் உணவகங்களில் போய் உட்கார்ந்து போராடிய காலம் அது. இங்கே அதையே மீன்பிடிப் போராட்டமாக மாற்றினார்கள். தடை இருக்கிறது என்று தெரிந்தே, எல்லோரும் பார்க்க வலை வீசுவது. தேசிய இந்திய இளைஞர் பேரவை (இந்தியர் என்று இங்கே சொல்வது அமெரிக்கப் பழங்குடிகளை) இதில் இறங்கியது. ஹாங்க் ஆடம்ஸ் என்ற அசினிபாய்ன்-சூ பழங்குடி இளைஞர், அப்போது இருபதே வயது, ஏற்பாடுகளைக் கவனித்தார். பிராண்டோ வந்தார். சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து ஜான் யார்யன் என்ற பாதிரியாரும் உடன் வந்தார். சாட்டியாக்கத்தோடு ஆற்றில் இறங்கி வலை போட்டார்கள். கரையில் காத்திருந்த அதிகாரிகள் நடிகரையும் பாதிரியாரையும் கைது செய்து, கொஞ்ச நேரத்தில் வழக்கே இல்லாமல் விட்டுவிட்டார்கள். அதே ஆற்றில் அதே குற்றத்துக்குப் பழங்குடியினர் மாதக்கணக்கில் சிறையில் இருந்திருக்கிறார்கள். உலக நட்சத்திரத்துக்கு ஒரு சட்டம், ஊர்க்காரனுக்கு ஒரு சட்டம் என்பதைப் பத்திரிகைக்காரர்கள் கண்ணெதிரிலேயே நடத்திக் காட்டினார்கள். பிராண்டோ செய்த பெரிய உதவி இதுதான் என்று நினைக்கிறேன்.

ஒன்பது வருடம் கழித்து 1973-ல் ‘காட்ஃபாதர்’ படத்துக்குக் கிடைத்த ஆஸ்கரை அவர் மறுத்தார். திரைப்படங்கள் பழங்குடிகளைக் காட்டும் விதம் ஒரு காரணம், அப்போது தெற்கு டகோட்டாவின் வூண்டட் நீ ஊரில் பழங்குடிப் போராளிகளைச் சுற்றி நடந்துகொண்டிருந்த முற்றுகை இன்னொரு காரணம். அந்த மேடைதான் எல்லோர் நினைவிலும் இருக்கிறது. எனக்கு இந்தக் கலங்கல் ஆற்றில் அவர் நின்றதுதான் பெரிதாகப் படுகிறது. கைதட்டவோ கூச்சலிடவோ அங்கே ஒரு அரங்கம் இல்லை, மார்ச் மாதக் குளிர்தான் இருந்தது. அவர் கரையேறிய இடத்தை ‘பிராண்டோஸ் லேண்டிங்’ என்றே சொல்கிறார்கள்.

ஆனால் பிராண்டோ போன பிறகும் இந்த ஆற்றில் அடி விழுந்துகொண்டுதான் இருந்தது. 1970-ல் பியூவாலப் மக்கள் கரையில் முகாம் அமைத்தார்கள். பின்னாளில் இனத்தின் தலைவரான ரமோனா பென்னட் உட்படப் பலர் அங்கேயே தங்கி வலைகளைக் காவல் காத்தார்கள். செப்டம்பர் 9 அன்று போலீஸ் கண்ணீர்ப் புகை வீசி, தடியோடு புகுந்து, பெண்கள், சிறுவர்கள் என்று பாராமல் பிடித்துப் போனது. நிலைமையைப் பார்க்க வந்திருந்த மத்திய அரசு வழக்கறிஞர் ஸ்டான் பிட்கின் அந்தப் புகையில் தானும் மாட்டிக்கொண்டார். ஒன்பதே நாளில், பழங்குடிகளின் ஒப்பந்த உரிமையைக் காக்க மத்திய அரசின் பெயரிலேயே வாஷிங்டன் மாநிலத்தின் மீது வழக்குப் போட்டார். எத்தனை மனு கொடுத்தும் நகராத ஒன்றை, கண் எரிந்த ஓர் அதிகாரி நகர்த்தினார்.

நான்கு மாதம் கழித்து, 1971 ஜனவரியில், இதே ஆற்றில் வலைக்குக் காவலிருந்த ஹாங்க் ஆடம்ஸை யாரோ வயிற்றில் சுட்டார்கள். அவர் சொன்னதைப் போலீஸ் நம்பவே இல்லை. பிழைத்து எழுந்து 2020 வரை வாழ்ந்தார். இந்தப் போராட்டத்தின் மூளை அவர்தான் என்று உடன் இருந்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். பிராண்டோவைத் தெரிந்த நமக்கு ஆடம்ஸின் பெயர் தெரியாமல் போனது சரியில்லை.

திங்கட்கிழமை, லேக்வுட், நிஸ்குவாலி

இன்று பழங்குடி மக்கள் தினம். கொலம்பஸ் தினம் என்று இருந்ததை 2014-ல் சியாட்டில் நகர மன்றம் இப்படி மாற்றியது. அக்கா மகளுக்குப் பள்ளி உண்டு. அக்காவும் நானும் தெற்கே கிளம்பினோம்.

வழியில் லேக்வுட். கடைகளும் வீடுகளுமாக இருக்கிற சாதாரண இடத்தில் ஒரு கல் நிற்கிறது. நிஸ்குவாலித் தலைவர் லெஷியை 1858 பிப்ரவரி 19 அன்று இதற்குப் பக்கத்தில் தூக்கிலிட்டார்கள். 1854 ஒப்பந்தம் அவர் மக்களுக்கு ஒதுக்கியது ஆற்றை விட்டுத் தள்ளி, காடு மண்டிய ஒரு கல்மேடு. மீனை நம்பி வாழ்கிறவர்களுக்கு ஆறில்லாத நிலம்! ஒப்பந்தத்தில் லெஷியின் பெயருக்கு நேரே ஓர் அடையாளம் இருக்கிறது. அதை அவர் போடவே இல்லை என்பது அவர் மக்கள் சொல்வது. போர் மூண்டது. முடிவில் நிஸ்குவாலிகளுக்கு ஆற்றோர நிலம் கிடைத்தது. லெஷிக்குக் கொலை வழக்கு கிடைத்தது.

முதல் விசாரணையில் ஜூரிகள் ஒத்துப்போகவில்லை. இரண்டாவதில் தண்டித்தார்கள். போரில் நடந்த சாவைக் கொலை என்று சொல்லக்கூடாது என்பது ராணுவத்தின் நிலை. தங்கள் கோட்டைக்குள் தூக்குமேடை போட இடம் தர மறுத்துவிட்டார்கள். அதனால்தான் இந்த வெளியிடம். தூக்குக் கயிற்றை இழுத்தவரே பிற்காலத்தில், நிரபராதியைத் தொங்கவிடுவதாகத்தான் அன்றைக்குத் தோன்றியது என்று சொல்லியிருக்கிறார். 2004 டிசம்பரில், மாநிலத் தலைமை நீதிபதி உள்ளிட்ட நீதிபதிகள் கூடிய வரலாற்று நீதிமன்றம் லெஷி மீது கொலைக் குற்றம் சாட்டியதே தவறு என்று ஒருமனதாகச் சொன்னது. 146 வருடம். சட்டப்படி செல்லாத தீர்ப்பு அது, நினைவுக்காகக் கூடிய நீதிமன்றம். ஆனாலும் அந்த மக்கள் கேட்டு வாங்கினார்கள். கேட்டு வாங்க வேண்டியிருந்தது என்பதில்தான் எனக்குக் கோபம்.

அப்புறம் நிஸ்குவாலிக் கழிமுகம். ஒப்பந்தம் கையெழுத்தான மெடிசின் க்ரீக் ஓடை இங்கேதான். அந்த நாளுக்குச் சாட்சியாக நின்ற டக்ளஸ் ஃபர் மரம் 1979-ல் பட்டு, 2006 புயலில் விழுந்துவிட்டது. பக்கத்திலேயே ஐந்தாம் எண் நெடுஞ்சாலை போகிறது, லாரிச் சத்தம் ஓயவே இல்லை. கழிமுகத்தை நூறு வருடம் முன்பு அணை கட்டி மாட்டுப் பண்ணையாக்கி வைத்திருந்தார்கள். 2009-ல் அந்தக் கரையை உடைத்து 762 ஏக்கரைக் கடலுக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். பலகைப் பாதையில் வெகுதூரம் நடந்தோம். வற்று நேரம். சேற்றில் கிளை கிளையாகச் சின்ன வாய்க்கால்கள். கடலுக்குப் போகும் குஞ்சு மீன்கள் இந்த வாய்க்கால்களில் தங்கித் தின்று உப்பு நீருக்குப் பழகிக்கொள்ளுமாம். நாரைகள் பொறுமையாக நின்றன. அக்கா வாயே திறக்கவில்லை, அவளுக்கு அது பெரிய விஷயம்.

இந்தச் சரணாலயத்தின் பெயரே இப்போது பில்லி ஃபிராங்க் ஜூனியர் நிஸ்குவாலி தேசிய வனவிலங்குச் சரணாலயம். 1931-ல் பிறந்தவர். 14 வயதில், 1945-ல், சொந்த ஆற்றில் மீன் பிடித்ததற்காக முதல் கைது. அப்புறம் ஐம்பது தடவைக்கு மேல். தான் கொள்கை வகுக்கிற ஆள் இல்லை, கைதாகிற ஆள் என்று அவரே சொல்வாராம். 1917-ல் ராணுவ முகாமுக்காக நிஸ்குவாலி நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கைப் பிடுங்கினார்கள். இழப்பீட்டுப் பணத்தில் அவர் அப்பா வில்லி ஃபிராங்க் ஆற்றின் கீழ்ப்பக்கம் ஆறு ஏக்கர் வாங்கினார். அதுதான் ஃபிராங்க்ஸ் லேண்டிங். போராட்டத்தின் தலைமையகமே அந்த ஆறு ஏக்கர்தான்.

1965 அக்டோபர் 13 அன்று அங்கே ஒரு மரத்தோணியை ஆற்றில் இறக்கினார்கள். அதில் சின்னப் பிள்ளைகளும் இருந்தார்கள். மாநில அதிகாரிகள் விசைப்படகில் வந்து மோதினார்கள். கரையில் தடியடி, பதிலுக்குக் கல், துடுப்பு. உடனிருந்து படம் பிடித்தவர்கள் இருந்ததால்தான் இந்தப் போராட்டத்தில் நடந்ததெல்லாம் வெளியே தெரிந்தது. நட்சத்திரங்கள் ஒரு நாள் வந்தார்கள், கேமராக்காரர்கள் வருடக்கணக்கில் ஆற்றோரம் கிடந்தார்கள். அந்தக் கறுப்பு வெள்ளைக் காட்சிகளைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால் ஆறு வேறு மாதிரி தெரிகிறது.

ஃபிராங்க்ஸ் லேண்டிங்கில் இப்போது வா ஹே லட் பள்ளி இருக்கிறது. பில்லியின் அக்கா மெய்செல் பிரிட்ஜஸ் 1974-ல் தொடங்கியது. மீன் பிடித்த குற்றத்துக்கு அவரும் கணவரும் மகள்களும் சிறைக்கும் நீதிமன்றத்துக்குமாக அலைந்த குடும்பம். பிள்ளைகள் படிக்கிற இடத்தில் நாம் போய் வேடிக்கை பார்க்கக்கூடாது என்று சாலையிலிருந்தே திரும்பிவிட்டோம். போக நினைக்கிறவர்களும் அப்படியே செய்யுங்கள்.

திரும்பும் வழியில் ஒரு பிக்கப் வண்டியில் ஐஸ் பெட்டி வைத்துப் பழங்குடி மீனவர் ஒருவர் மீன் விற்றுக்கொண்டிருந்தார். கோஹோ சால்மன். செவுளைத் தூக்கிக் காட்டினார், நல்ல சிவப்பு. அக்கா பேரம் பேச வாயெடுத்தாள். கையைப் பிடித்து அழுத்தினேன். சொன்ன விலைக்கு வாங்கி வந்து ராத்திரி புளி போட்டுக் குழம்பு வைத்தோம்.

செவ்வாய்க்கிழமை, ஒலிம்பியா

தலைநகர். வெள்ளைக் குவிமாடம், வெட்டி விட்ட புல்வெளி. பிராண்டோ கைதான மறுநாள், 1964 மார்ச் 3 அன்று, ஆயிரத்துக்கும் மேல் பழங்குடிகள் இங்கே திரண்டார்கள். பிராண்டோவும் வந்து ஆளுநர் ரோஸலினியைப் பார்த்தார். ஆளுநர் மசியவில்லை.

நான் இன்றைக்கு எழுத நினைப்பது டிக் கிரெகரியைப் பற்றி. கறுப்பின நகைச்சுவைக் கலைஞர், மேடைக்கும் தொலைக்காட்சிக்கும் அழைப்புகள் குவிந்த காலத்தில் தெற்கே போய் சிவில் உரிமைப் போராட்டத்தில் அடி வாங்கியவர். 1966-ல் மனைவி லில்லியனோடு நிஸ்குவாலி வந்து வலை போட்டார். பிராண்டோவை விட்டதுபோல் இவரை விடவில்லை. வழக்கு நடந்தது, தண்டனை விழுந்தது. மேல்முறையீடெல்லாம் முடிந்து 1968-ல் இதே ஒலிம்பியா சிறைக்கு வந்து, உள்ளேயே உண்ணாநோன்பு இருந்தார். அந்த வருடம் அவர் ஜனாதிபதித் தேர்தலிலும் நின்றுகொண்டிருந்தார். அப்போது பில்லி ஃபிராங்க் குடும்பத்துக்காக வாதாடியவர் ஜாக் டானர், அவரும் டகோமாவின் கறுப்பின வழக்கறிஞர், பின்னாளில் மத்திய நீதிபதி ஆனவர். தங்கள் இனத்துக்கே அன்றைக்கு ஓட்டுரிமைக்கு ரத்தம் சிந்த வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் இன்னொரு மக்களின் மீனுக்காகச் சிறைக்குப் போக ஒருவருக்குத் தோன்றியதே, அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது. துணை நின்றவர்கள் என்று யாரையாவது முதலில் சொல்வதென்றால் நான் கிரெகரி தம்பதியைத்தான் சொல்வேன். பிராண்டோவுக்கு அடுத்து ஒரு வரியாக அவர்களைச் சொல்லி முடிப்பது நியாயமில்லை.

பிட்கின் போட்ட வழக்கு நீதிபதி ஜார்ஜ் போல்ட் முன் வந்தது. குடியரசுக் கட்சி நியமித்தவர், பழைமைவாதி, தூண்டில் பிரியர். பழங்குடிகள் தரப்பில் நம்பிக்கை குறைவாகத்தான் இருந்திருக்கும். அவர் ஒப்பந்தத்தைக் காலத்தோடு வைத்துப் படித்தார், முதியவர்களை அழைத்துச் சாட்சி கேட்டார். வில்லி ஃபிராங்க்கும் வந்து சொன்னார். 1974 பிப்ரவரி 12 அன்று தீர்ப்பு: பிடிக்கத்தக்க மீனில் பாதி ஒப்பந்தப் பழங்குடிகளுக்கு. மீன்வளத்தை நிர்வகிப்பதிலும் அவர்களுக்குப் பங்கு. வெள்ளையர் மீனவர்கள் போல்ட்டின் கொடும்பாவியைத் தொங்கவிட்டார்கள். 1979-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பை உறுதி செய்தது. பில்லி ஃபிராங்க் வடமேற்கு இந்திய மீன்வள ஆணையத்தின் தலைவராக முப்பது வருடத்துக்கு மேல் இருந்தார். எந்த அதிகாரிகள் பிடித்து உள்ளே போட்டார்களோ அவர்களோடே ஒரே மேஜையில் உட்கார்ந்து ஆற்றைக் காக்க வேலை பார்த்தார். 2014-ல் மறைந்தார். மறு வருடம் ஒபாமா ஜனாதிபதி விருதைக் குடும்பத்தாரிடம் கொடுத்தார். அமெரிக்க நாடாளுமன்றத்தில் வாஷிங்டன் மாநிலத்தின் சார்பில் அப்போது நின்றிருந்த மார்கஸ் விட்மன் என்ற மிஷனரியின் சிலையை எடுத்துவிட்டு பில்லியின் சிலையை வைக்க 2021-ல் சட்டமன்றம் முடிவு செய்தது.

சாயங்காலம் பக்கத்திலிருக்கும் டம்வாட்டர் அருவிக்குப் போனோம். அருவியை ஒட்டி மீன் ஏறுவதற்கு சிமென்ட் படித்தொட்டிகள் கட்டியிருக்கிறார்கள். சினூக் சால்மன் வரும் பருவத்தின் கடைசி. ஒரு தொட்டியின் ஓரத்தில் குனிந்து பார்த்தேன். கை நீள மீன், வால் ஓரமெல்லாம் கிழிந்து நார் நாராக இருந்தது, முதுகில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. கடலை விட்டு ஆற்றில் நுழைந்ததும் இவை இரை எடுப்பதை நிறுத்திவிடும். உடம்பையே கரைத்து ஏறுகின்றன. அது தண்ணீரின் வேகத்துக்கு எதிரே அசையாமல் நின்றது, செவுள் மட்டும் வேலை செய்தது. திடீரென்று உடம்பை வளைத்து மேல் தொட்டிக்குத் தாவியது. சுவரில் இடித்து விழுந்தது. திரும்ப நின்றது. அடுத்த தாவலில் போய்விட்டது. பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி கை தட்டினார். நானும் தட்டினேன்.

புதன்கிழமை, கென்ட்

இன்று எங்கும் போகவில்லை. அத்தான் வேலையிலிருந்து தாமதமாக வந்து, சாலையைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், ஓடைக்குப் பாலம் கட்டுகிறார்களாம், நாலு பேர் போகாத ஓடைக்கு எதற்குப் பாலம் என்று அலுத்துக்கொண்டார். அக்கா மகள் தட்டை வைத்துவிட்டுப் பிடித்துக்கொண்டாள்.

“அப்பா, அது மீன் போறதுக்கு. கேஸ்ல ஜெயிச்சது.”

அவள் சொன்னது சரி. சாலைக்கு அடியில் ஓடைகள் போக மாநில அரசு பதித்த குழாய்கள் பல இடங்களில் உயரமாகவோ குறுகலாகவோ இருந்து சால்மனின் வழியை அடைத்துவிட்டன. மீனில் பாதி என்று தீர்ப்பு வாங்கி, அந்த மீன் வரவே வழியில்லை என்றால் தீர்ப்பு எதற்கு? இருபத்தொரு இனத்தார் 2001-ல் போல்ட் வழக்கின் தொடர்ச்சியாகவே இதைக் கொண்டுபோனார்கள். கீழ் நீதிமன்றங்களில் ஜெயித்தார்கள். 2018-ல் உச்ச நீதிமன்றத்தில் நாலுக்கு நாலு என்று நீதிபதிகள் பிரிந்ததால் அந்த வெற்றி அப்படியே நிலைத்தது. நூற்றுக்கணக்கான குழாய்களைப் பெயர்த்து, மீன் போகிற அளவுக்குப் பாலம் கட்ட வேண்டிய பொறுப்பு மாநிலத்தின் மேல். கோடிக்கணக்கான டாலர் செலவு, இன்னும் நடக்கிறது.

அத்தான் முழுதும் கேட்டார். அவர் கட்டும் வரியும் அதில் இருக்கிறது என்று நான் சொன்னதற்கு, இருக்கட்டும் என்றார். எந்த ஓடை, எந்த இனத்தாருடைய மீன்பிடி இடம் என்று மகளிடம் வரைபடத்தில் காட்டச் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை மூன்று பேரும் போய்ப் பார்க்கப் போகிறார்களாம். நான் அதற்குள் ஊருக்குக் கிளம்பிவிடுவேன். படம் அனுப்பினால் இதே இடத்தில் போடுகிறேன்.